பாபின் லேஸ் வகுப்பு எடுக்கப் போகிறேன், பேட்டர்னும் சாமானும் எப்படித் தயார் செய்வது?

வேளிமலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் மகளிர் குழுவில் பத்துப் பேருக்கு லேஸ் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருக்கிறார்கள். நாலு சனிக்கிழமை, ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேரம். குரோஷா இல்லை, தலையணையில் குண்டூசி குத்தி, பாபின்களை (நூல் சுற்றிய சின்னக் குச்சிகள்) மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். எனக்குப் பெரியம்மா சொல்லிக்கொடுத்தது. நன்றாகப் பின்ன வரும், ஆனால் வகுப்பு என்று எடுத்ததில்லை. வீட்டில் பின்ன ஒரு தலையணையும் ஒரு பேட்டர்னும் போதும், பத்துப் பேர் என்றதும் கணக்கே வேறாகிவிடுகிறது.

கையில் இருப்பது பெரியம்மாவின் பழைய பேட்டர்ன் அட்டைகள் ஒரு கட்டு. பழுப்பேறி ஓரமெல்லாம் பிய்ந்திருக்கிறது, கோடு எதுவும் இல்லாமல் வெறும் துளைகள்தான். கைக்குட்டை ஓரம், பீடத் துணி ஓரம் என்று ரொம்ப நுணுக்கமான வேலை. இதையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாமா, இல்லை புதிதாக ஏதாவது வரைய வேண்டுமா? தலையணை, பாபின், நூல், குண்டூசி இதற்கெல்லாம் குறைந்த செலவில் என்ன வழி? வருகிறவர்கள் எல்லாரும் கல்லூரிப் பெண்களும் வீட்டில் இருப்பவர்களும்தான், முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கில் செலவு வைத்தால் இரண்டாவது வாரம் யாரும் வர மாட்டார்கள்.

அப்புறம் ஒரு பத்து நிமிஷம் நம் பக்கத்து லேஸ் வரலாறும் சொல்லலாம் என்று ஆசை. அதையும் யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு:

மக்ளே, பெரியம்மாவின் அட்டைகளை வகுப்புக்குக் கொண்டுபோ, காட்டு, கையில் கொடுத்துப் பார்க்கச் சொல். பின்ன மட்டும் கொடுக்காதே. ஜெராக்ஸில் பெரிதாக்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். பெரிதாக்கினால் துளைக்குத் துளை தூரம் கூடுமே தவிர ஜோடி குறையாது. முப்பது ஜோடி கேட்கிற பேட்டர்ன் எத்தனை பெரிதானாலும் முப்பது ஜோடிதான் கேட்கும். புதிதாக உட்காருகிறவள் அறுபது பாபினை ஒரே நேரத்தில் பார்த்தால் கை ஓடாது.

நான் முதல் நாளைக்கு எப்போதும் கொடுப்பது ஒரே ஒரு பட்டை. அகலம் 2 செ.மீ., நீளம் 20 செ.மீ. முடித்தால் புத்தகத்துக்குள் அடையாளம் வைக்க ஆகும், வீட்டுக்குப் போய்க் காட்டவும் ஆகும். இரண்டு ஓரத்திலும் 5 மி.மீ.க்கு ஒரு துளை. வலது ஓரத்துத் துளை இடது ஓரத்து இரண்டு துளைகளுக்கு நடு உயரத்தில் வர வேண்டும், ஏனென்றால் குறுக்கே ஓடுகிற ஜோடி இந்த ஓரத்துக் குண்டூசியைச் சுற்றி அந்த ஓரத்துக்குப் போய் அதற்கு அடுத்த உயரத்தில் திரும்புகிறது. நெட்டுக்கு 8 ஜோடி, குறுக்கே ஓட 1 ஜோடி, ஆக 18 பாபின். பேர்ல் காட்டன் 8ஆம் நம்பர் நூலுக்கு இந்த அளவு கச்சிதமாக வரும், துணி மாதிரி நெருங்காது, வலை மாதிரி தொய்யவும் செய்யாது.

பட்டையை மூன்று பங்காகப் பிரித்துக்கொள். முதல் பங்கு துணிப் பின்னல்: கிராஸ், ட்விஸ்ட், கிராஸ். இரண்டாவது அரைப் பின்னல்: கிராஸ், ட்விஸ்ட், அவ்வளவுதான். மூன்றாவது கிராஸ், ட்விஸ்ட், கிராஸ், ட்விஸ்ட். கிராஸ் என்றால் நாலு பாபினில் நடுவில் இருக்கிற இரண்டில் இடது வலதுக்கு மேலே. ட்விஸ்ட் என்றால் இரண்டு ஜோடியிலும் வலது இடதுக்கு மேலே. இந்த இரண்டைத் தவிர இந்த லேஸில் மூன்றாவது அசைவே கிடையாது, இதை முதல் அஞ்சு நிமிஷத்திலேயே சொல்லிவிடு, பாதி பயம் போய்விடும்.

ஒரு முக்கியமான விஷயம். குறுக்கே ஓடுகிற ஜோடிக்கு மட்டும் சிவப்பு நூல் சுற்று, மற்றதெல்லாம் வெள்ளை. துணிப் பின்னலில் இரண்டு சிவப்பும் சேர்ந்தே ஓரத்துக்கு ஓரம் போய் வரும். அரைப் பின்னல் தொடங்கியதும் ஒரு சிவப்பு மட்டும் நேராகக் குறுக்கே போகும், இன்னொரு சிவப்பு அதை விட்டுப் பிரிந்து சாய்வாகக் கீழே இறங்கும். இந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தப்பாகிவிட்டது என்று அவிழ்க்க ஆரம்பிப்பார்கள். அரைப் பின்னலின் குணமே அதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவை. மூன்றாவது பங்குக்கு வரும்போது ஓடுகிற ஜோடி ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையுமாகத்தான் இருக்கும், அதுவும் சரிதான்.

கட்டமும் கோடும்:

நான் லேஸ் பின்னுகிற ஆள் இல்லை. வீட்டில் பின்னுகிறார்கள், பேட்டர்ன் வரைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் பிரிண்ட் அளவு. கணினியில் சரியாக 5 மி.மீ. வைத்து வரைந்துவிட்டு, ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தால், அங்கே இருக்கிற தம்பி பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று ‘ஃபிட் டு பேஜ்’ போட்டுத்தான் எடுப்பார். 94, 95 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். பார்வைக்குத் தெரியாது. பின்னும்போது நூல் நெருங்கிப் புடைக்கும், பாவம் பின்னுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள், பிரிண்ட் கையில் வந்ததும் அங்கேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 9.5 வந்தால் திருப்பிக் கொடுங்கள். வரைய இங்க்ஸ்கேப் போதும், இலவசம், மில்லிமீட்டரில் கட்டம் போட்டுத் தருகிறது. கணினியே வேண்டாம் என்றால் பள்ளிக்கூட கிராஃப் தாள் இருக்கவே இருக்கிறது, மில்லிமீட்டர் கோடு அதில் அச்சடித்தே வருகிறது.

இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம். கை வியர்வை பட்டாலே மை கரையும், வெள்ளை நூலில் ஏறினால் போகாது. லேசர் பிரிண்ட் பரவாயில்லை, ஆனால் அதிலும் கறுப்புத் தூள் உரசி நூல் சாம்பலாவது உண்டு. மேலே பசை உள்ள கண்ணாடித் தாள் ஒட்டிவிட்டால் இரண்டுக்கும் கவலையில்லை. வெள்ளைத் தாளுக்குப் பதில் இளநீலத் தாளில் பிரிண்ட் எடுத்தால் வெள்ளை நூல் எடுப்பாகத் தெரியும், டியூப் லைட் வெளிச்சமும் கண்ணில் அடிக்காது. எந்த ஜெராக்ஸ் கடையிலும் கலர் தாள் வைத்திருப்பார்கள்.

அட்டைக்கு ஆபீஸ் ஃபைல் அட்டைதான் எங்கள் வீட்டில். குண்டூசி ஆடாமல் நிற்கிற அளவுக்குக் கெட்டி, குத்துகிறபோது விரல் வலிக்காத அளவுக்கு மெலிசு. ஒரு ஃபைலில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏழெட்டுப் பட்டை வெட்டலாம். தாளை ஒட்டி, கண்ணாடித் தாளையும் ஒட்டியபிறகு குத்த வேண்டும்.

குத்துவதை வகுப்புக்கு விடாதீர்கள். தையல் ஊசியின் காதுப் பக்கத்தை ஒரு கார்க்கிலோ பழைய பிரஷ் காம்பிலோ செருகிக்கொண்டால் பிடிக்க வாகாக இருக்கும். கீழே தடிமனான தெர்மாகோல் வைத்து, மூன்று அட்டையை அடுக்கி, கிளிப் போட்டு, ஊசியை நேர் செங்குத்தாக இறக்குங்கள். ஊசி சாய்ந்தால் மேல் அட்டை சரியாக இருக்கும், மூன்றாவது அட்டையில் துளை நகர்ந்திருக்கும்.

பெரியம்மாவின் அட்டைகளையும் இந்தச் சாக்கில் ஸ்கேன் பண்ணி வைத்துவிடுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டு போகிற மிஷினில் போடாதீர்கள், கண்ணாடி மேல் கிடத்துகிற வகையில் வைத்து, முதுகில் ஒரு கறுப்புச் சார்ட் தாள் வையுங்கள். துளை ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாக விழும்.

குளிர்நாட்டுக்காரி:

நான் இங்கிலாந்தில் பதினைந்து வருஷமாக ஒரு லேஸ் குழுவில் இருக்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி. ஸ்கேன் பண்ணியபிறகு ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிற கோணமானியை வைத்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து புள்ளி வரிசைகள் 45 டிகிரியில் சாய்ந்து போனால் அநேகமாக டார்ஷான் வகை, கொஞ்சம் அனுபவம் வந்ததும் மாணவிகளுக்குக் கொடுக்கலாம். 45க்கு மேல் செங்குத்தாக ஏறினால் பக்கிங்ஹாம்ஷையர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், அது மெல்லிய நூலில், நிறைய ஜோடிகளோடு பின்ன வேண்டியது. அதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

நூலுக்கும் பேட்டர்னுக்கும் பொருத்தம் பார்க்க நாங்கள் செய்வது இது. ஸ்கேலில் நூலை இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் சுற்றி, ஒரு செ.மீ.க்கு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுவோம். டார்ஷான் பேட்டர்ன் என்றால் ஓரத்துக் குண்டூசி இரண்டுக்கு நடுவில் ஏறக்குறைய 10 முதல் 12 சுற்று அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நூல் தடிமன், பதினைந்துக்கு மேல் போனால் லேஸ் தொளதொளவென்று ஆகும். கம்பெனி போட்டிருக்கிற நம்பரை நம்பாதீர்கள், ஒரே நம்பரில் இரண்டு கம்பெனி நூல் இரண்டு தடிமனில் வரும். பத்துப் பேருக்கும் ஒரே நாளில் ஒரே கம்பெனி உருண்டை வாங்குவது உத்தமம்.

நூல்கண்டு அம்மா சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. பட்டை நல்ல பயிற்சிதான், ஆனால் 20 செ.மீ. முழுக்க ஒரே அகலத்தில் பின்னினால் இளம் பெண்களுக்கு அலுத்துவிடும். 12 செ.மீ.யில் முடித்துவிட்டு, இரண்டாவது வாரமே பத்து ஜோடிக்குள் வருகிற சின்ன விசிறி ஓரம் கொடுக்கலாம். டார்ஷானில் விசிறிதான் பார்த்தவுடன் லேஸ் என்று தெரிகிற உருவம். அது வந்துவிட்டால் நாலாவது வாரம் சிலந்தி போடச் சொல்லலாம், கால்களை முறுக்கி நடுவில் துணிப் பின்னலாகச் சேர்ப்பது, எல்லாருக்கும் பிடிக்கும்.

பேட்டர்னில் எந்த இடத்தில் எந்தப் பின்னல் என்று கலரில் காட்டுங்கள். துணிப் பின்னலுக்கு ஊதா, அரைப் பின்னலுக்குப் பச்சை, கிராஸ்-ட்விஸ்ட் இரண்டு தடவைக்குச் சிவப்பு. பெல்ஜியத்து முறை இது, இப்போது பல நாட்டுப் புத்தகங்களிலும் இதே கலர்தான். நீங்களே அடித்துக் கொடுக்காமல் ஆளுக்கு மூன்று ஸ்கெட்ச் பேனா கொடுத்து அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள், பின்னுவதற்கு முன்னாலேயே பேட்டர்ன் புரிந்துவிடும்.

வேளிமலைக்காரி:

அடேயப்பா, நான் எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. பட்டை என்று முடிவு பண்ணிவிட்டேன். நீளம் 15 செ.மீ. வைத்து இரண்டு பேரையும் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

இப்போது தலையணையும் பாபினும். தெர்மாகோல் பலகை வாங்கித் துணி சுற்றிக் கொடுத்துவிடலாம் என்று குழுத் தலைவி சொல்கிறார், சரிவருமா? பாபினுக்கு ஐஸ் குச்சி, பென்சில் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

குளிர்நாட்டுக்காரி:

சாதாரண தெர்மாகோல் வேண்டாம். உருண்டை உருண்டையாக இருக்கிற அது நாலு தடவை ஒரே இடத்தில் குத்தினால் பொரிந்து குழியாகிவிடும், குண்டூசி சாயும். மொட்டைமாடியில் வெயில் தாங்கப் போடுகிற கெட்டி நுரைப் பலகை கட்டட சாமான் கடையில் கிடைக்கும், 5 செ.மீ. கனத்தில். பெரிய பலகையை 45 செ.மீ. சதுரங்களாக அறுத்துக்கொள்ளுங்கள். மேலே பழைய கம்பளித் துணி ஒரு மடிப்பு, அதற்கு மேல் அடர்நீலமோ கரும்பச்சையோ பருத்தித் துணி இழுத்துக் கட்டுங்கள். துணியை முதலில் அலசிச் சாயம் போகிறதா பாருங்கள். பிசிறு விடுகிற துணி கூடாது, பிசிறு லேஸுக்குள் ஏறும். இதே துணியில் கைக்குட்டை அளவுக்கு இரண்டு துண்டு கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்று பாபின்களுக்குக் கீழே விரிக்க, ஒன்று வேலை முடிந்ததும் மேலே மூட.

பாபின் உருளக் கூடாது, எல்லாம் ஒரே எடை இருக்க வேண்டும், நூல் சுற்றுகிற கழுத்து வழவழவென்று இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அழகு. இங்கே பெட்ஃபோர்டுஷையர், பக்கிங்ஹாம்ஷையர் பக்கம் பாபின் நுனியில் கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்து வளையமாகத் தொங்கவிடுவார்கள். அலங்காரம் மாதிரி தெரியும், உண்மையில் தட்டையான தலையணையில் மெல்லிய பாபின் உருளாமல் இருக்கவும் கொஞ்சம் எடை கொடுக்கவும்தான் அது. சைனீஸ் ஹோட்டலில் சாப்பிடக் கொடுக்கிற மூங்கில் குச்சியை 10 செ.மீ.க்கு வெட்டி, ஒரு பக்கம் அரத்தால் கழுத்து எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபக்கம் துளையிட்டு இரண்டு மணி கட்டினால் நூற்றெண்பது பாபினும் கைக்குள் அடங்குகிற செலவில் வரும். ஐஸ் குச்சி வேண்டாம், தட்டையாக இருப்பதால் விரலுக்குள் திரும்பாது.

தெற்குக்கரை:

நான் இலங்கையிலிருந்து எழுதுறன். எங்கட தென்கரையில காலி, வெலிகம, திக்வெல்ல பக்கம் சிங்களப் பெண்கள் இதே லேஸைப் பீரளு எண்டு பின்னுவினம், போர்த்துக்கீசர் கொண்டுவந்தது எண்டு சொல்லுறவை. அவையின்ர தலையணை தட்டை இல்லை, உருளை. மரச்சட்டத்துக்குள்ள சுழலுற மாதிரி வைச்சிருப்பினம், பேட்டர்னை அதைச் சுத்தி ஒட்டிவிட்டால் பின்னப் பின்ன உருட்டிக்கொண்டே போகலாம், மீட்டர் கணக்கில பின்னினாலும் குண்டூசியைக் கழட்டிப் பேட்டர்னை மேல ஏத்துற வேலை இல்லை. பாபினும் தொங்கிக்கொண்டு நிக்கும், மணி கட்டத் தேவையில்லை. நீங்கள் சின்னப் பட்டைதான் பின்னப் போறீங்கள் எண்டால் தட்டையே காணும். பிறகு ஆராவது சாரி ஓரம் பின்னவேணும் எண்டு கேட்டால் அப்ப உருளைக்கு மாறுங்கோ.

நூல்கண்டு:

நான் உருளையில் படித்தவள்தான், வைக்கோலை நறுக்கி அடித்து அடித்துத் திணித்தது, நடுவில் வேப்பிலையும் வசம்பும் போடுவோம் பூச்சி வராமல். அந்தத் தலையணையில் குண்டூசி நிற்கிற நிற்பு எந்த நுரைப் பலகையிலும் வராது. ஆனால் பத்துத் தலையணைக்கு வைக்கோல் அடிக்க யாரால் முடியும், பலகையே வாங்கு மக்ளே. இலவம்பஞ்சுத் தலையணையை மட்டும் யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பு, அதில் குண்டூசி ஆடும்.

குண்டூசி கடலோரக் காற்றுக்குத் துருப்பிடிக்கும், துரு வெள்ளை நூலில் இறங்கினால் ஆயுசுக்கும் போகாது. ஸ்டேஷனரி கடை குண்டூசி வேண்டவே வேண்டாம், தடிமனும் அதிகம். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெல்லிய குண்டூசியாகப் பார்த்து வாங்கு. வாங்கும்போது சந்தேகம் இருந்தால் நாலு எடுத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியில் குத்தி ஒரு ராத்திரி விடு, காலையில் துணி சொல்லிவிடும். ஆளுக்கு எண்பது, நூறு வேண்டும். பின்னிய இடத்திலிருந்து உடனே உடனே பிடுங்க விடாதே, ஓரத்துக் குண்டூசி நாலைந்து செ.மீ. தூரம் வரைக்குமாவது இருக்கட்டும், வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்தினால் இழுப்புக்குத் தாங்கும்.

நூல் சுற்றும் கணக்கு சொல்கிறேன், இதில்தான் எல்லாரும் அவதிப்படுவார்கள். எல்லாப் பாபினிலும் ஒரே நீளம் சுற்றக் கூடாது. நெட்டு ஜோடி லேஸ் நீளத்துக்கு இறங்குகிறது அவ்வளவுதான், 15 செ.மீ. பட்டைக்குப் பாபின் ஒன்றுக்கு 60 செ.மீ. சுற்றினால் கையில் பிடிக்கவும் மிச்சம் இருக்கும். குறுக்கே ஓடுகிறது அப்படி இல்லை. ஓரம் ஒன்றுக்கு 30 துளை, இரண்டு ஓரமும் சேர்த்து 60 தடவை குறுக்கே போகிறது, தடவைக்கு 2 செ.மீ., அதிலேயே 120 செ.மீ. ஆச்சு. குண்டூசியைச் சுற்றுகிற முறுக்கு, கடைசியில் முடிகிற நூல் எல்லாம் சேர்த்து பாபினுக்கு 2 மீட்டர் சுற்று. அரைப் பின்னலில் ஆள் மாறுவதால் நெட்டு ஜோடியும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், அதற்காகத்தான் 60. ஒரு நூலை நடுவில் வெட்டாமல் இந்த நுனியில் ஒரு பாபின், அந்த நுனியில் ஒரு பாபின் என்று சுற்ற வேண்டும். ஜோடிக்கு நடுவில் முடிச்சு இருந்தால் தொடங்குகிற குண்டூசியிலேயே அது துருத்திக்கொண்டு நிற்கும்.

முதல் நாளைக்கு நீயே சுற்றிக் கொண்டுபோ. நூற்றெண்பது பாபின் என்று மலைக்காதே, வீட்டில் ஆள் இருந்தால் சீரியல் பார்த்துக்கொண்டே சுற்றிவிடலாம்.

குளிர்நாட்டுக்காரி:

அம்மா, எனக்கென்னவோ சுற்றுவதையும் அவர்களே படிக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. எல்லாம் தயாராகக் கொடுத்துப் பழக்கினால் வீட்டில் நூல் தீர்ந்த அன்றைக்கு எடுத்து மூலையில் வைத்துவிடுவார்கள்.

நூல்கண்டு:

படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் முதல் மணி நேரம் வேண்டாம் என்கிறேன். வந்ததும் பின்ன வேண்டும், கை ருசி கண்டுவிட வேண்டும். கடைசி அரைமணி நேரம் இரண்டு பாபின் கொடுத்துச் சுற்றப் பழக்கு. நூல் அவிழாமல் கழுத்தில் போடுகிற அந்தச் சுருக்கு இருக்கிறதே, அதற்கே அரைமணி நேரம் போய்விடும்.

வேளிமலைக்காரி:

முடிவு: முதல் வாரத்துக்கு நான் சுற்றிக் கொண்டுபோகிறேன், கடைசி அரைமணி நேரம் அவர்கள் சுற்றப் பழகுகிறார்கள். வரலாறு பற்றி யாருமே சொல்லவில்லையே!

கட்டமும் கோடும்:

அந்த அரைமணி நேரத்திலேயே சொல்லுங்கள், கை சுற்றிக்கொண்டிருக்கும், காது சும்மாதான் இருக்கும். தொடக்கத்தில் சொன்னால் சொற்பொழிவு மாதிரி ஆகிவிடும்.

நாகர்கோவிலுக்கு 1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்தார்கள். 1820களின் தொடக்கத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய மார்த்தா அம்மையார் லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது, அது ஒழிந்தது 1855இல்தான். லேஸில் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். உங்கள் மாணவிகளுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள், லேஸ் என்றால் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். அம்மாவிடம் கற்ற லேஸை அங்கே தேரிக்காட்டு ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார், இடையன்குடி லேஸ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே முளகுமூடு இருக்கிறது, 1897இல் பெல்ஜியத்திலிருந்து கன்னியர்கள் வந்த இடம், அங்கேயும் லேஸும் எம்பிராய்டரியும் நடந்தது. பெரியம்மாவின் அட்டைகள் எந்த வழியில் வந்தவை என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்களேன், அவர் எங்கே படித்தார் என்று தெரிந்தாலே பாதி தெரிந்துவிடும்.

வேளிமலைக்காரி:

முளகுமூட்டில்தான் படித்தார்! கோணமானி வைத்துப் பார்த்தேன், மூன்று அட்டை சரியாக 45, மற்றதெல்லாம் செங்குத்து. அந்த மூன்றில் ஒன்று சின்ன விசிறிதான், துளைகளை வைத்து எண்ணினால் பதினோரு ஜோடி வருகிறது. மூன்றாவது வாரத்துக்கு அதையே பெரிதாக்கிக் கொடுக்கலாம் இல்லையா? ஜெராக்ஸில் 141 சதவீதம் வைத்தால் எவ்வளவு வரும்?

கட்டமும் கோடும்:

141 என்பது ஏ4ஐ ஏ3 ஆக்குகிற அளவு. இரண்டு தடவை போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓரத்துத் துளை இடைவெளி இப்போது 3 மி.மீ. இருந்தால் 6 ஆகும், உங்கள் 8ஆம் நம்பர் நூலுக்குச் சரியாக வரும். ஆனால் ஜெராக்ஸின் ஜெராக்ஸில் புள்ளி புசுபுசுவென்று பெருத்துவிடும், எந்த நடுவில் குத்துவது என்று தெரியாது. ஒரு தடவை பெரிதாக்கியதை வைத்து, கிராஃப் தாளில் புள்ளிகளைக் கட்டத்தின் மூலைக்கு நகர்த்தி நீங்களே புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய அட்டையில் குத்திக் குத்தித் துளை அகன்றிருக்கும், அந்தக் கோணலையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டாம்.

வேளிமலைக்காரி:

சரி, இன்றைக்கு ராத்திரியே உட்கார்கிறேன். கடைசியாக ஒன்று, வருகிற பத்துப் பேரில் ஒருத்தி இடதுகைப் பழக்கம். அவளுக்குப் பேட்டர்னைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டுமா?

நூல்கண்டு:

ஒன்றும் திருப்ப வேண்டாம். இந்த லேஸில் இரண்டு கையும் ஒரே மாதிரி வேலை செய்கிறது, கிராஸ் எல்லாருக்கும் இடது மேலேதான். குண்டூசி செருகி வைக்கிற சின்ன மெத்தையை மட்டும் அவள் இடது கைப்பக்கம் குத்திக் கொடு, மேசையில் ஓரத்தில் உட்கார வை, பக்கத்தில் இருப்பவள் முழங்கையில் இடிக்காமல் இருக்க.